18,000 ரூபாய் மெகா டிரைவ்: பழைய வீடியோ கேம் மெஷின் வாங்கலாமா?

‘ரோட் ராஷ்’ விளையாடாத கம்ப்யூட்டர்காரர் உண்டா? பைக்கில் பறந்து கொண்டே பக்கத்தில் வருபவரை எட்டி உதைக்கும் அந்த கேம்தான். 1990களின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் விண்டோஸுக்கு அடுத்தபடியாக இன்ஸ்டால் செய்யப்பட்டது அதுவாகத்தான் இருக்கும். அது பி.சி.க்காகப் பிறந்த கேம் அல்ல. 1991-இல் சேகா நிறுவனத்தின் ‘மெகா டிரைவ்’ என்ற டிவி கேம் மெஷினுக்காக வெளிவந்தது. விண்டோஸுக்கு வந்தது 1996-இல்.

அந்த மெகா டிரைவ் நம் நாட்டிலும் விற்பனைக்கு வந்தது. ஆனால் நம்மில் பலர் அதைப் பார்த்ததுகூட இல்லை. காரணம் விலை. பல வருடங்கள் கழித்து நான் அந்த மெஷினை வாங்கினேன். வாங்கியதோடு செலவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அது தவறு. பழைய கேம் மெஷின் வாங்க ஆசைப்படும் புதியவர்கள் நான் செய்த தவறுகளைச் செய்யாமல் இருக்கவே இந்தக் கட்டுரை.

ஐந்து பவுன் மெஷின்

மெகா டிரைவ் ஜப்பானில் வெளிவந்த நாள் 1988 அக்டோபர் 29. விலை 21,000 யென். அடுத்த ஆண்டு ‘ஜெனிசிஸ்’ என்ற பெயரில் அமெரிக்காவில் 189 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. 1990-இல் ஐரோப்பா சென்றது. இந்தியாவுக்கு வந்தது 1995-இல்தான். அப்போது இத்தகைய மெஷின்களுக்கு 80 சதவீத இறக்குமதி வரி இருந்தது. அதைச் சமாளிக்க, சேகா இங்கே ஷா வாலஸ் நிறுவனத்துடன் விநியோக ஒப்பந்தம் செய்து கொண்டது. ஆம், மதுபான வணிகத்தில் பெயர் பெற்ற அதே ஷா வாலஸ்தான். அப்படியும் ஒரு மெஷினின் விலை 18,000 ரூபாய்.

1995-இல் பத்து கிராம் தங்கம் ஐயாயிரம் ரூபாய்க்குக் கீழே இருந்தது. கணக்குப் போட்டால் ஒரு மெகா டிரைவ் ஏறக்குறைய ஐந்து பவுன். நான் அப்போது கோவையில் எட்டாம் வகுப்பு. அப்பாவுக்குப் பீளமேடு பக்கம் பம்ப் கம்பெனியில் வேலை. நான் கேட்டபோது அப்பா கோபப்படவில்லை. “அஞ்சு பவுனு ஆகுதுடா கண்ணு. உங்கக்காளுக்கு நான் இன்னும் அத்தனை சேர்த்தலை” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. அதே காலத்தில் ஜப்பானில் சேகா சேட்டர்ன், சோனி பிளேஸ்டேஷன் என்ற அடுத்த தலைமுறை மெஷின்கள் வந்துவிட்டன. இரண்டும் 1994 இறுதியில் வெளிவந்தவை. அங்கே ஓய்வு பெறத் தயாராக இருந்த மெஷினுக்குத்தான் இங்கே ஐந்து பவுன் விலை.

அதனால் நம் ஊர்ப் பையன்கள் வேறு வழி கண்டுபிடித்தார்கள். மைக்ரோ ஜீனியஸ் போன்ற, நின்டெண்டோ மெஷினின் நகல்கள் மலிவாகக் கிடைத்தன. தெருமுனைக் கடையில் மணிக்கு இத்தனை ரூபாய் என்று காசு கொடுத்து மரியோவும் கான்ட்ராவும் விளையாடினோம். ‘9999 இன் 1’ என்று எழுதிய கேசட்டில் நிஜமாக இருந்தவை ஐந்தாறு கேம்கள்தான். அதுவே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

இதைவிட விலை உயர்ந்தது உண்டா?

உண்டு. பழைய கேம் மெஷின் சேகரிப்பவர்கள் மத்தியில் விலைக்குப் பெயர் போனது ‘நியோ ஜியோ ஏ.இ.எஸ்.’ ஜப்பானின் ஒசாகா நகரைச் சேர்ந்த எஸ்.என்.கே. நிறுவனம் 1990-இல் வெளியிட்டது. அமெரிக்காவில் அதன் ‘கோல்ட்’ பெட்டியின் விலை ஏறத்தாழ 650 டாலர். கேசட் ஒன்றுக்கே 200 டாலர் அளவில் கொடுக்க வேண்டியிருந்தது. கேம் பார்லர்களில் காசு போட்டு ஆடும் பெரிய மெஷினுக்குள் இருந்த அதே ஹார்டுவேர் இதில் இருந்ததே காரணம். நம் ஊர் பார்லர்களிலும் பிறகு பிரவுசிங் சென்டர்களிலும் பையன்கள் கூட்டம் கூடி ஆடிய ‘கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97’, ‘மெட்டல் ஸ்லக்’ எல்லாம் நியோ ஜியோ கேம்களே. இதற்கு அதிகாரபூர்வமாகப் புதிய கேசட் வந்தது 2004 வரை.

இன்று அதன் அபூர்வமான கேசட்கள் ஆயிரக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன. பார்லர் மெஷினின் மலிவான கேசட்டிலிருந்து சிப்களைக் கழற்றி, வீட்டு மெஷின் கேசட் கூட்டுக்குள் வைத்து, அசல் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர் நியோ ஜியோ பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மெகா டிரைவில் தவறு செய்தால் சில ஆயிரம் ரூபாயோடு போகும். நியோ ஜியோவில் ஒரே தவறில் ஒரு நல்ல கம்ப்யூட்டரின் விலை போய்விடும்.

விளையாடவா, சேர்க்கவா?

பணத்தை எடுப்பதற்கு முன் இந்தக் கேள்விக்கு நீங்களே பதில் சொல்லிக் கொள்ளுங்கள். விளையாடுவது மட்டுமே நோக்கம் என்றால் பழைய மெஷின் தேவையில்லை. உங்கள் கம்ப்யூட்டரே போதும்.

மெகா டிரைவின் மூளை மோட்டோரோலா 68000 என்ற பிராசசர். வேகம் சுமார் 7.6 மெகாஹெர்ட்ஸ். முதன்மை மெமரி 64 கிலோபைட். இன்றைய சாதாரண கம்ப்யூட்டர் இதை அப்படியே பாவனை செய்துவிடும். இப்படிப் பாவனை செய்யும் சாஃப்ட்வேருக்கு எமுலேட்டர் என்று பெயர். ரெட்ரோஆர்க் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. கேசட்டுக்குள் இருக்கும் கேமை ஒரு கோப்பாக மாற்றினால் அது ரோம். எமுலேட்டர் அதைத்தான் இயக்குகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கண்ட இடத்தில் ரோம் கோப்புகளை டவுன்லோட் செய்வது காப்புரிமைக்கு எதிரானது. அத்துடன் வைரஸும் இலவசமாக வந்து சேரும். சேகா தன் பழைய கேம்களைத் தொகுப்பாகப் பி.சி.க்கு விற்று வந்தது. 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டது. முன்பே வாங்கியவர்கள் தொடர்ந்து ஆடலாம். 2019-இல் வந்த ‘மெகா டிரைவ் மினி’ என்ற கையடக்க மெஷினில் 42 கேம்கள் உள்ளேயே இருக்கின்றன. எச்.டி.எம்.ஐ. கேபிளில் புதிய டிவியோடு நேராக இணையும். விளையாட மட்டும் ஆசைப்படுபவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இல்லை, அந்தக் கறுப்புப் பெட்டியே வேண்டும், கேசட்டைச் செருகும் ‘டக்’ சத்தமே வேண்டும் என்கிறீர்களா? எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. மேலே படியுங்கள்.

மெஷின் வாங்கும்போது

என் மெஷினைத் திருப்பூரில் ஒருவரிடம் 7,500 ரூபாய்க்கு வாங்கினேன். ஆன்லைன் விளம்பரம் பார்த்து நேரில் போனேன். இதுதான் முதல் விதி. நேரில் போங்கள். விற்பவர் வீட்டு டிவியிலேயே இயக்கிப் பாருங்கள். ‘போன மாசம்கூட ஓடிச்சுங்க’ என்றால் இன்று ஓடவில்லை என்று பொருள்.

ஓட்டிப் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. கேசட்டை மூன்று நான்கு தடவை எடுத்து எடுத்துச் செருகுங்கள். ஒவ்வொரு முறையும் கேம் வருகிறதா? கன்ட்ரோலரின் எல்லா பட்டன்களும் வேலை செய்கின்றனவா? அடாப்டர் ஒயரை லேசாக அசைத்தால் மெஷின் அணைகிறதா? அணைந்தால் பின் இருக்கும் இடத்தில் சால்டரிங் விட்டுப் போயிருக்கும். அரை மணி நேரமாவது ஓட விடுங்கள். சூடேறிய பிறகு படத்தில் கோடு வந்தால் வேண்டாம். மெஷினைத் தலைகீழாகப் பிடித்து மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நம் ஊரில் மெஷினுக்குள் கரப்பான் குடும்பம் நடத்துவது சகஜம்.

மெகா டிரைவில் ஒரு நன்மை உண்டு. சாம்பல் நிறப் பழைய மெஷின்கள் வருடக் கணக்கில் மஞ்சளடித்துப் போகும். இது கறுப்பு. அந்தக் கவலை இல்லை.

அடாப்டர் விஷயத்தில்தான் என் முதல் நஷ்டம். மெகா டிரைவில் இரண்டு முக்கிய மாடல்கள் உண்டு. முதல் மாடல் பெரியது. முன்பக்கம் ஹெட்போன் செருகும் துளையும் வால்யூம் ஸ்லைடரும் இருக்கும். அதற்கு 9 வோல்ட், பின்னின் நடுவில் மைனஸ். 1993-இல் வந்த இரண்டாவது மாடல் சிறியது. அதற்கு 10 வோல்ட், நடுவில் பிளஸ். பின்னின் வடிவமும் வேறு.

நான் வாங்கியது இரண்டாவது மாடல். கூடவே வந்த அடாப்டர் 110 வோல்ட்டுக்கானது. அதை நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகினால் புகைதான் வரும். அந்த அளவுக்கு எனக்குத் தெரியும். ஆகவே காந்திபுரத்தில் ஒரு கடையில், பல பின்கள் தொங்கும் பொது எலிமினேட்டர் ஒன்றை வாங்கினேன். பிளஸ், மைனஸ் மாற்றும் சுவிட்ச் அதன் பின்னால் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. ஸ்விட்சைப் போட்டதும் மெல்லிய கருகல் வாசனை. வோல்டேஜைச் சீராக்கும் ரெகுலேட்டர் ஐ.சி. போய்விட்டது. பழைய டிவி பழுது பார்க்கும் ஒரு பெரியவர் மாற்றிக் கொடுத்தார். 1,200 ரூபாய். “அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கர்ல எல்லாமே போட்டிருக்குதுங்க தம்பி. மொதல்ல அதைப் படிக்கோணும்” என்றார். மெஷினின் அடியில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், நடுவில் பிளஸ்ஸா மைனஸா என்று படமே போட்டிருந்தது.

எந்த நாட்டு மெஷின் என்றும் கேட்டுக் கொள்ளுங்கள். இந்திய, ஐரோப்பிய டிவிக்கான மெஷின் நொடிக்கு 50 படங்கள் காட்டும். ஜப்பான், அமெரிக்க மெஷின் 60 காட்டும். அதனால் 50 ஹெர்ட்ஸ் மெஷினில் பல கேம்கள் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். 1991-இல் வந்த முதல் ‘சோனிக்’ கேமில் இசைகூட இழுத்தபடிதான் கேட்கும். மெஷின் பழுது என்று நினைத்துக் கொள்ளாதீர்கள். ஜப்பான் கேசட்டின் வடிவம் வேறு. மற்ற நாட்டு மெஷினின் வாயில் அது நுழையாது. பிற்காலத்துக் கேசட்கள் சிலவற்றில், வேறு நாட்டு மெஷின் என்றால் கேம் ஓடாதபடி பூட்டும் போட்டிருப்பார்கள். மெஷின் ஒரு நாடு, கேசட் ஒரு நாடு என்று வாங்கிவிட்டால் இரண்டும் ஷோகேஸில்தான் இருக்கும்.

எந்த டிவி?

புதிய எல்.இ.டி. டிவியிலும் மெகா டிரைவை இணைக்கலாம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏ.வி. பின்கள் இருந்தால் நேராக, இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. கன்வெர்ட்டர் வழியாக. ஆனால் படம் கலங்கித் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் தாமதம். நீங்கள் பட்டனை அழுத்திய பிறகு ஒரு கணம் கழித்துத்தான் சோனிக் குதிப்பான். அதற்குள் பள்ளத்தில் விழுந்திருப்பான். டிவியின் செட்டிங்கில் ‘கேம் மோட்’ இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். கொஞ்சம் குறையும்.

என் சிபாரிசு பழைய படக்குழாய் டிவி. இந்த மெஷின் அதற்காகவே செய்யப்பட்டது. டிவி பழுது பார்ப்பவரிடம் சொல்லி வையுங்கள். நான் 21 இஞ்ச் டிவி ஒன்றை 1,500 ரூபாய்க்கு வாங்கினேன். நம் பக்கம் கரண்ட் ஏறி இறங்குவது உங்களுக்கே தெரியும். ஸ்டெபிலைசர் வழியாகவே கொடுங்கள்.

கேசட்: அசலா, போலியா?

பணம் போகும் இடம் இதுதான். மெஷின் ஒரு தடவைச் செலவு. கேசட்டுக்கு முடிவே இல்லை. என் இரண்டாவது நஷ்டமும் இங்கேதான். ஆன்லைனில் வாங்கிய இரண்டு கேசட்கள், மொத்தம் 2,200 ரூபாய், இரண்டும் போலி. லேபிள் புதுச் சட்டை போலப் பளபளத்தது. அதிலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

போலியைக் கண்டுபிடிக்கச் சில வழிகள்:

லேபிளில் எழுத்து மங்கலாகவோ, படத்தின் ஓரம் கோணலாகவோ இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

சேகாவே தயாரித்த கேசட் என்றால் பிளாஸ்டிக் கூட்டிலேயே சேகா பெயர் அச்சாக வார்க்கப்பட்டிருக்கும்.

திறந்து பார்ப்பதே உறுதியான வழி. பல கேசட்களில் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் பொருந்தாது. 3.8 மில்லிமீட்டர் சிறப்பு முனை தேவை. உள்ளே சர்க்யூட் போர்டில் சேகா பெயரும், 171 என்று தொடங்கும் எண்ணும் இருந்தால் நல்லது. சிப்புக்குப் பதிலாகத் தார் சொட்டியது போலக் கறுப்புப் பொட்டு இருந்தால் பெரும்பாலும் போலி.

ஆனால் அவசரப்பட்டு எதையும் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ரோட் ராஷ் வெளியிட்ட எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் கேசட்கள் உயரமாக, ஓரத்தில் மஞ்சள் பட்டையோடு வேறு மாதிரி இருக்கும். அவை அசல்தான். அந்த நிறுவனம் மெகா டிரைவைப் பிரித்து ஆராய்ந்து, அது வேலை செய்யும் விதத்தைத் தானே கண்டுபிடித்தது. அதை வைத்துப் பேரம் பேசிச் சலுகையான ஒப்பந்தம் வாங்கியது. கேசட்டையும் தானே தயாரித்தது. அதேபோலப் பெயர் மாற்றமும் உண்டு. ‘கான்ட்ரா’ தேடுபவர்கள் ஐரோப்பியக் கேசட்டில் ‘புரோபோடெக்டர்’ என்ற பெயரைத் தேட வேண்டும். 1994-இல் வந்த அந்தக் கேமில் மனிதர்களுக்குப் பதில் ரோபோக்கள் இருக்கும்.

கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். நாம் எல்லோரும் செய்ததுதான். ஊதும்போது எச்சில் ஈரம் பட்டு, பின்கள் நாளடைவில் களிம்பேறும். மெடிக்கல், எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் காது குடையும் பட்ஸில் நனைத்துத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். பாதிக் கேசட்கள் இதிலேயே பிழைத்துவிடும்.

கோபியில் கிடைத்த பெட்டி

ஒரு நண்பர் மூலம் தகவல் வந்தது. கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் மெகா டிரைவ் கேசட்கள் இருக்கின்றன என்றார். போனேன். வயதான அம்மா ஒருவர் அட்டாலியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியை இறக்கச் சொன்னார். ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குடும்பம். சிங்கப்பூரில் இருந்த மாமா 1996-இல் கொண்டு வந்து கொடுத்ததாம். மெஷின் எலி கடித்து உருப்படியில்லாமல் இருந்தது. கேசட்கள் ஏழு, அத்தனையும் அசல், அட்டைக் குறிப்புப் புத்தகத்தோடு.

“பழசு கண்ணு. ஒரு முந்நூறு குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிருங்க. எடம் அடைச்சுக்கிட்டு கெடக்குது” என்றார் அந்த அம்மா.

உண்மையைச் சொல்கிறேன். சட்டைப் பைக்குக் கை போனது. இரண்டு வருடமாகத் தேடிய கேசட்டுகள். முந்நூறு ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னது அவர்கள்தானே? நான் ஏமாற்றவில்லையே? ஆனால் அவருக்கு விலை தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தில் கிடைக்கும் லாபத்தை என்ன சொல்லி வீட்டுக்குக் கொண்டு போவது?

“அம்மா, இது முந்நூறு இல்லீங்க. பத்தாயிரத்துக்கு மேல போகுமுங்க. உங்க பையன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு போனை எடுத்தார்.

மகன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறார். ஆறு கேசட்களைக் கொடுத்துவிடச் சொன்னார். விலை 9,000 என்று பேசி முடித்தோம். ஏழாவதை மட்டும் வேண்டாம் என்றார். அது ‘ஷைனிங் ஃபோர்ஸ்’. கல்லூரிக்குப் போகும்வரை பாதி ஆடி சேவ் செய்து வைத்தது. “அந்த சேவ் இன்னும் இருக்குமுங்களா?” என்று கேட்டார்.

இதற்குப் பதில் சொல்ல, கேசட்டுக்குள் இருப்பதைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும். அந்த மெஷினில் ஹார்ட் டிஸ்க் கிடையாது. சேவ் செய்யும் கேசட்களில் ஒரு சிறிய மெமரி சிப்பும், அதற்கு உயிர் கொடுக்கக் காசு வடிவப் பேட்டரியும் இருக்கும். உங்கள் கம்ப்யூட்டரின் மதர்போர்டில் தேதியைக் காப்பாற்றும் பேட்டரி போலத்தான். பேட்டரி தீர்ந்தால் சேவ் அழிந்துவிடும். 1994-இல் வந்த ‘சோனிக் 3’ போன்ற சிலவற்றில் மட்டும் பேட்டரி தேவைப்படாத வேறு வகை சிப் இருந்தது. மற்றவற்றின் பேட்டரிகளுக்கு இப்போது முப்பது வயது.

ஷைனிங் ஃபோர்ஸை வீட்டுக்கு வாங்கி வந்து என் மெஷினில் போட்டேன். சேவ் இருந்தது. பேட்டரி எந்த நாளிலும் போகலாம் என்பதால் உடனே காப்பி எடுக்க வேண்டும். இதற்கென்றே கேசட் ரீடர்கள் உண்டு. ரெட்ரோட் என்பது அவற்றில் ஒன்று. யு.எஸ்.பி.யில் இணைத்தால் பென் டிரைவ் போலத் தெரியும். கேமும் சேவும் இரண்டு கோப்புகளாக உள்ளே இருக்கும். நண்பரிடம் ஒன்று இரவல் வாங்கினேன். சேவ் கோப்பின் அளவு சில கிலோபைட்தான். அதைக் காப்பி செய்து அவருக்கு இ-மெயிலில் அனுப்பினேன். பிறகு கேசட்டைத் திறந்து பேட்டரியை மாற்றி, சேவைத் திரும்ப ஏற்றி, கோபியிலேயே கொண்டு போய்க் கொடுத்தேன். மறுநாள் பதில் வந்திருந்தது. எமுலேட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து, பாதியில் நிறுத்திய சண்டையிலிருந்து தொடர்ந்து ஆடினாராம்.

நீங்களே பேட்டரி மாற்றுவதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள். காசுப் பேட்டரியின் மேல் நேராகச் சால்டரிங் வைக்கக் கூடாது. வெடிக்கும். தகடு பொருத்தப்பட்ட பேட்டரி கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்குங்கள். கழற்றும்போது பழைய சேவ் போய்விடும் என்பதால், காப்பி எடுத்த பிறகே கை வையுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டரைப் பயன்படுத்துங்கள்

சேகரிப்பில் கம்ப்யூட்டர் பெரிய துணை. முதலில் எக்செல்லில் ஒரு பட்டியல் போடுங்கள். கேசட்டின் பெயர், எந்த நாட்டுப் பதிப்பு, வாங்கிய தேதி, விலை, கூரியர் செலவு, பேட்டரி மாற்றிய தேதி என்று பத்திகள் இருக்கட்டும். கடைசி வரியில் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகைதான் உங்களைக் காப்பாற்றும்.

விலை தெரிந்து கொள்ள ஈபேயில் தேடும்போது, விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். யாரும் எதையும் கேட்கலாம். விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வசதி அங்கே உண்டு. அதில் வரும் விலைதான் சந்தை விலை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துத்தான் கஸ்டம்ஸ் வரி போடுவார்கள். அதன் மேல் கூரியர்காரரின் கட்டணம் வேறு. மலிவான ஒரு கேசட்டுக்குக் கேசட் விலையைவிட இவை அதிகமாகிவிடும். வாங்கினால் நான்கைந்தாகச் சேர்த்து வாங்குங்கள்.

புதிய கேம்களும் உண்டு என்றால் நம்புவீர்களா? சேகா 2001-இலேயே மெஷின் தயாரிப்பை விட்டுவிட்டது. ஆனாலும் ஆர்வலர்கள் மெகா டிரைவுக்குக் கேம் எழுதிக் கொண்டே இருக்கிறார்கள். 2018-இல் ‘டேங்கிள்வுட்’, 2019-இல் ‘ஸீனோ க்ரைசிஸ்’ புதிய கேசட்டாகவே வந்தன. சி மொழி தெரிந்தால் எஸ்.ஜி.டி.கே. என்ற இலவச சாஃப்ட்வேர் கொண்டு நீங்களே எழுதலாம்.

என் கணக்கு

என் எக்செல் பட்டியலின் சுருக்கம் இதோ. இரண்டரை வருடச் செலவு.

மெஷின்: 7,500
கருகியதைச் சரி செய்தது: 1,200
சரியான அடாப்டர்: 900
ஏ.வி. கேபிள்: 650
பழைய டிவி: 1,500
அசல் கேசட்கள் ஒன்பது: 14,300
போலிக் கேசட்கள் இரண்டு: 2,200
கூரியர், கஸ்டம்ஸ்: 2,900
ஸ்க்ரூ டிரைவர், ஆல்கஹால், பேட்டரி: 850
மொத்தம்: 32,000 ரூபாய்

மெஷினுக்குக் கொடுத்தது இதில் கால் பங்குகூட இல்லை. 3,400 ரூபாய் என் அவசரத்துக்குக் கட்டிய அபராதம். ஆகவே பட்ஜெட் போடும்போது மெஷின் விலையை நான்கால் பெருக்கிக் கொள்ளுங்கள். அந்தத் தொகை கையில் சும்மா இருந்தால் மட்டும் இறங்குங்கள். கடன் வாங்கியோ, குழந்தையின் ஸ்கூல் ஃபீஸில் கை வைத்தோ வாங்கும் பொருள் அல்ல இது. விலை ஏறும், லாபத்துக்கு விற்கலாம் என்ற எண்ணத்திலும் வாங்காதீர்கள். எலி கடித்தால் முதலும் போகும்.

வரிசையும் முக்கியம். முதலில் எமுலேட்டரிலோ மினியிலோ ஒரு மாதம் ஆடிப் பாருங்கள். ஆசை அடங்கிவிட்டால் நல்லது, பணம் மிச்சம். அடங்கவில்லை என்றால் டிவி, பிறகு மெஷினும் சரியான அடாப்டரும், கடைசியில் கேசட். மாதத்துக்கு ஒரு கேசட் போதும்.

அப்பா ஒருநாள் என் அறைக்கு வந்து மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதுதான் அன்னிக்குக் கேட்டதா? எவ்வளவு ஆச்சு?” என்றார். மெஷின் மட்டும் 7,500 என்றேன். மனதுக்குள் கணக்குப் போட்டார். “ஒரு கிராம்கூட வரலையேடா” என்று சிரித்தார். மொத்தக் கணக்கை நான் இன்னும் அவரிடம் காட்டவில்லை. இதைப் படித்தால் தெரிந்து கொள்வார்.